அச்சமும் தவக்குலும்

சென்ற கோடை விடுமுறையில் நம் மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வந்திருந்தார்கள். ஒருநாள் மலைக்கோட்டை, ஒருநாள் நத்தர்வலி தர்கா, மற்றொரு நாள் ஸ்ரீரங்கத்து மேலூரிலுள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, அங்கிருந்து முக்கொம்பு என்று பிள்ளைகள் தாங்களே திட்டம் வகுத்துவிட்டார்கள். இடையில் யாரோ மகளின் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினார்கள். கொள்ளிடத்து மணல் திட்டில் ஒரு முதலை வாயைத் திறந்தபடி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். "அத்தா, முக்கொம்பும் வேண்டாம், அந்தக் காட்டுப் பூங்காவும் வேண்டாம். அங்கே பாம்பு இருக்கும், இங்கே முதலை இருக்கும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னால் முடியாது" என்று மகள் சொல்லிவிட்டாள்.

மருமகன் சிரித்தார். நாம் சிரிக்கவில்லை, ஆனால், "ஈமான் உள்ளவள் இப்படி நடுங்கலாமா?" என்று கேட்டுவைத்தோம். ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவர்களுக்குக் கண்டிப்பு நாவின் நுனியிலேயே இருக்கும் போலும். ஒன்பது வயதுப் பேரன் உடனே பிடித்துக்கொண்டான். "நன்னா, பயப்பட்டா ஈமான் இல்லேன்னு அர்த்தமா?" அவனுக்கு அப்போது நாம் மறுமொழி சொல்லவில்லை. அந்தக் கேள்விக்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். மகளின் அச்சம் வெறுங்கற்பனை அன்று. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி. இரண்டுக்கும் இடைப்பட்ட தீவே ஸ்ரீரங்கம். 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை அங்கேதான் இருந்தது. 2018 ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு வெள்ளப்பெருக்கில் கொள்ளிடத்து மதகுகளில் ஒன்பது இடிந்து வீழ்ந்ததும் அவ்விடத்திலேதான். மேலணையிலிருந்து கீழணை வரையிலும், அதற்கப்பால் சிதம்பரம் வட்டத்து வாய்க்கால்களிலும் சதுப்புநில முதலைகள் இன்றும் வாழ்கின்றன. ஊருக்குள் புகுந்து பிடிபடுகின்ற முதலைகளை வனத்துறையினர் சிதம்பரத்தை அடுத்த வக்காரமாரிக் குளத்தில் கொண்டுபோய் விடுவதுண்டு. அவை நேற்று வந்து குடியேறியவை அல்ல. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலேயே முதலை, இடங்கர், கராம் என்று மூன்று வகை பேசப்படுகின்றன. மூன்று பெயரிட்டு வேறுபடுத்தி அறியும் அளவுக்கு நம் முன்னோர் அவற்றோடு பழகியிருந்தார்கள். நமக்கோ ஒரு பெயர்தான் மிஞ்சியிருக்கிறது. அதனோடு ஒரு நடுக்கமும்.

கோடையில் ஆறு வற்றிக் கிடக்கும்போதுதான் முதலை மணலைத் தோண்டி முட்டையிடும். தாய் அருகிலேயே காவல் கிடக்கும். நம் பிள்ளைகளுக்கு விடுமுறையும் அதே காலத்தில்தான் வருகிறது. ஆகவே, "கரையருகே போகாதே" என்று தாய் ஒருத்தி சொன்னால், அந்த முதலைத் தாய் சொல்வதைத்தான் அவளும் சொல்கிறாள்.

இனி ஈமானைப் பற்றிப் பேசுவோம். தூர் மலையருகே நபி மூஸா (அலை) அவர்கள் தம் கைத்தடியைக் கீழே போட்டபோது அது நெளிந்தோடும் பாம்பாயிற்று. அதைக் கண்ட அவர்கள் திரும்பிப் பாராமல் ஓடினார்கள் என்று திருமறை கூறுகிறது. அதை மறைக்கவுமில்லை, இழிவாகச் சொல்லவுமில்லை. அல்லாஹ் தன்னோடு நேரே பேசிக்கொண்டிருந்த ஒரு தூதரே, அந்தப் பேச்சின் நடுவிலேயே, பாம்பைக் கண்டு ஓடினார்கள். ஓடியதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. அஞ்ச வேண்டாம் என்று ஆறுதலே சொல்லப்பட்டார்கள். அப்படியிருக்க, "ஈமான் உள்ளவள் நடுங்கலாமா?" என்று மகளைக் கேட்பதற்கு நாம் யார்?

அச்சம் உள்ளத்தில் தானாக எழுவது, அதில் குற்றமில்லை. அதற்குப் பின் நாம் செய்வதில்தான் குற்றமும் குணமும் இருக்கின்றன. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தவக்குலைப் பற்றிப் பேசும்போது, கொடிய விலங்குகள் திரியும் நிலத்திலும், வெள்ளம் வரும் ஓடையின் நடுவிலும், சாய்ந்து நிற்கும் சுவரின் கீழும் படுத்துறங்குவது தவக்குல் ஆகாது, அது தடுக்கப்பட்ட செயல் என்று தெளிவாக்குகிறார்கள். கொள்ளிடத்து மணலை நினைத்து எழுதியது போலவே இல்லையா? விலங்கும் அங்கே உண்டு, வெள்ளமும் உண்டு. முன்னறிவிப்பின்றி மதகு திறந்தால் என்ன ஆகும் என்பதைத் திருச்சிக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அதே இமாம் அவர்கள் தம் முஸ்தஸ்ஃபா என்னும் நூலில் வேறொரு செய்தி சொல்கிறார்கள். அதற்குமுன் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது பேசவேண்டும். அரபியர் பாம்பு தீண்டியவனை 'சலீம்' என்று அழைப்பார்கள். சலீம் என்றால் நலமாக இருப்பவன். சாகக் கிடப்பவனை நலமானவன் என்பது, அவன் பிழைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தால். பாம்புக்கு அவர்கள் இட்ட 'ஹய்யா' என்ற பெயரும் உயிர் என்னும் பொருளுள்ள 'ஹயாத்'தோடு ஒரே வேரிலிருந்து வந்தது. தமிழனும் இதையேதான் செய்திருக்கிறான். தீண்டினால் கொல்லக்கூடிய நாகத்துக்கு அவன் இட்ட பெயர் 'நல்ல பாம்பு'! இருவேறு நாட்டு மக்கள், ஒருவரை ஒருவர் கேளாமலே, ஒரே அச்சத்துக்கு ஒரே மருந்தைக் கண்டிருக்கிறார்கள். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பதோடு, நடுங்கிய படை அதற்கு நல்ல பெயரும் சூட்டும் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

இமாம் அவர்கள் சொல்வது இது: சலீமானவன், அதாவது ஒருமுறை பாம்பு தீண்டியவன், புள்ளி போட்ட கயிற்றைக் கண்டாலும் விலகி ஓடுவான். அது கயிறென்று அவன் அறிவுக்குத் தெரியும். ஆனால் உள்ளம் அறிவுக்கு முந்திக்கொள்ளும். அந்த வடிவத்தோடு துன்பம் ஒருமுறை சேர்ந்து வந்ததனால், வடிவம் வரும்போதெல்லாம் துன்பமும் வரும் என்று அது முடிவு கட்டிவிடுகிறது. இதை 'வஹ்மு' என்பார்கள். கயிற்றைப் பாம்பென மயங்கும் உவமை நம் நாட்டு அத்வைதிகளுக்கும் உரியதே. ஸ்ரீரங்கத்திலிருந்து போதித்த இராமானுசரோ உலகம் மாயத்தோற்றம் என்ற கொள்கையை ஏற்கவில்லை; மயக்கத்திலும் ஏதோ ஓர் உண்மையைத்தான் அறிவு பற்றுகிறது என்பது அவர் கட்சி. அரவணையில் பள்ளிகொண்ட பெருமாளை வணங்கும் ஊரில் அந்த வாதம் நடந்திருப்பது பொருத்தமே. அதில் நாம் தீர்ப்புச் சொல்லப் புகவில்லை. ஆனால் கயிற்றைக் கண்டு ஓடுகிறவனைப் பார்த்துச் சிரிப்பதற்குமுன், அவனை எந்தப் பாம்பு தீண்டியது என்று கேட்க வேண்டும்.

நம்மைத் தீண்டிய பாம்பு எது? இதுவரை யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை.

1986ஆம் ஆண்டு மழைக்காலம். நாம் ஒரு மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தோம், வயது பதினேழு. மாணவர்கள் எல்லாரும் தரையில் பாய் விரித்துப் படுப்போம். நடுநிசியில் நம் பக்கத்துப் பாய்க்காரன் எழுந்து, காதருகில் ஏதோ சுருக்கென்றது என்றான். விளக்கேற்றிப் பார்த்தோம். வீக்கமில்லை, இரத்தமில்லை. மூலையில் கருநிறத்தில் வெள்ளை வளையமிட்ட ஒரு சிறு பாம்பு கிடந்தது. கட்டுவிரியன் என்று இன்று தெரிகிறது, அன்று தெரியாது. வலியில்லாததால் விஷமில்லை என்று பெரியவர் ஒருவர் சொன்னார். ஃபாத்திஹா ஓதி ஊதுவோம் என்றார்கள். அனைவரும் உட்கார்ந்து ஓதினோம். நாமும் ஓதினோம், மிகுந்த உறுதியோடு ஓதினோம். வயிறு வலிக்கிறது என்றான். பிறகு இமையைத் தூக்க முடியவில்லை என்றான். தூக்கம் வருகிறது போலும் என்று நாம் அவன் தலையைத் தடவிக் கொடுத்தோம். ஃபஜ்ருக்கு முன் அவனுக்கு மூச்சுத் திணறியது. மாட்டுவண்டி வருவதற்குள் நின்றுவிட்டது.

அதன்பின் பல ஆண்டுகள் புகாரியிலுள்ள அந்த நபிமொழியை மாணவர்களுக்கு நாமே பாடம் நடத்தினோம். பயணத்திலிருந்த நபித்தோழர்கள் ஒரு கூட்டத்தாரிடம் விருந்து கேட்டு மறுக்கப்பட்டதும், அக்கூட்டத்தின் தலைவனை விஷஜந்து தீண்டியதும், தோழர் ஒருவர் ஃபாத்திஹா ஓதி அவன் குணமடைந்ததும் யாவரும் அறிந்தவை. 'சலீம்' என்ற சொல்லும் அந்த அறிவிப்புகளிலே வருகிறது. ஆனால் அதன் நடுவே வரும் ஒரு சிறு தொடரை நாம் வாயால் வாசித்தோமே தவிரக் கண்ணால் பார்க்கவில்லை. அக்கூட்டத்தார் அதற்குமுன் தம்மாலான எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டார்கள் என்கிறது அத்தொடர். செய்யவேண்டியதைச் செய்த பிறகு அவர்கள் ஓதுதலைத் தேடி வந்தார்கள். நாமோ செய்யவேண்டியதற்குப் பதிலாக ஓதினோம். ஃபாத்திஹாவின் மகிமையில் குறைவில்லை. வண்டியிலே வைத்தும் அதை ஓதியிருக்கலாம்.

அந்த இரவுக்குப் பின் நாம் என்ன செய்தோம் தெரியுமா? நம் பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அனுப்பியதேயில்லை. இத்தனை ஆண்டுகள் திருச்சியில் வாழ்ந்தும் முக்கொம்புக்கு ஒருமுறைகூட அழைத்துச் சென்றதில்லை. மகளின் நடுக்கம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது வாசகர்களுக்கு விளங்கும். ஆனால் வீட்டில்? கோடையில் காற்று வேண்டுமென்று இன்றுவரை கூடத்துத் தரையில்தான் படுத்தோம், கொசுவலை கிடையாது, இருட்டில் விளக்கில்லாமலே கொல்லைக்குப் போனோம். கயிற்றைக் கண்டு ஓடினோம், பாம்பு வரும் வழியில் பாய் விரித்தோம். இதைச் சுட்டிக்காட்டியது நாமல்ல, நம் வீட்டார். "முதலைக்குப் பயந்து பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கிறீர்களே, உங்கள் கூட்டாளியை முதலையா கடித்தது?" என்று அவர்கள் கேட்டபோது மகளும் நாமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கணக்கும் அவர்கள் பக்கமே நிற்கிறது. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர். ஆண்டுக்குச் சராசரி 58,000. முதலையால் இறப்போர் தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. பாம்புக்கடிச் சாவுகளில் மிகப் பல நாட்டுப்புறங்களில் நேர்பவை. பெரும்பாலும் நான்கு பாம்புகளே காரணம்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்நான்குக்கும் சேர்த்து ஒரே முறிமருந்து உண்டு. அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது. அதற்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் நம் செங்கல்பட்டுப் பகுதி இருளர்கள். 1978இல் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2024 நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக ஆக்கியது. கடிபட்டவனுக்குக் கட்டுப் போடாமலும், கீறி உறிஞ்சாமலும், கடிபட்ட உறுப்பை அசைய விடாமலும், 108க்குச் சொல்லி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வலியில்லை, தழும்பில்லை என்பது தைரியத்துக்குக் காரணமாகாது. இவ்வளவையும் பதினேழு வயதில் நமக்கு யாரேனும் சொல்லியிருக்கலாம்.

பேரன் இன்னொன்றும் கேட்டான்: "அப்படின்னா எல்லாப் பாம்பையும் அடிச்சுக் கொன்னுடலாமே?" தொழுகையிலிருக்கும்போதும் பாம்பையும் தேளையும் கொல்ல அனுமதி உண்டு என்பது உண்மை. ஆனால் வீட்டிற்குள் காணப்படும் பாம்பைக் கண்டதும் கொல்லாமல், முதலில் எச்சரிக்கை செய்து வெளியேற விடவேண்டும் என்ற நபிமொழியும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அது மதீனாவுக்கு மட்டுமா, எல்லா ஊருக்குமா என்பதில் இமாம்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. எப்படியாயினும், தாக்க வருவது வேறு, தன்வழியே போவது வேறு என்ற பாகுபாடு அதில் இருக்கிறது. எலியைத் தின்று வாழும் சாரைப்பாம்பை நாகமென்று அடித்துக் கொல்வது கயிற்றை அடிப்பதினும் மோசம், கயிற்றுக்கு உயிரில்லை. நாட்டுச் சட்டமும் 1972 முதல் இவ்வுயிர்களுக்குக் காவல் தருகிறது. ஆற்றில் முதலைக்கு உள்ள உரிமையை நாம் விடுமுறைக்கு வந்துவிட்டோம் என்பதற்காக அது விட்டுக்கொடுக்க வேண்டுமா?

இறுதியில் முக்கொம்புக்குப் போனோம். அதற்கு முதல்நாள் கடைத்தெருவில் இரண்டு கொசுவலையும் ஒரு டார்ச் விளக்கும் வாங்கினோம். பூங்காவில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றவில்லை. புதருக்குள் பந்து போனபோது எடுக்கப் போகவில்லை. மாலையில் கொள்ளிடத்துப் பக்கம் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தோம். மகளும் வந்து நின்றாள், பிள்ளைகளின் கையை விடாமல். நடு ஆற்றில் மணல் திட்டை ஒட்டி நீளமாய் ஏதோ ஒன்று கருமையாகக் கிடந்தது.

"நன்னா, அது கட்டையா, முதலையா?" என்றான் பேரன்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தோம், தெரியவில்லை. தெரியவில்லை என்றே அவனிடம் சொல்லிவிட்டு, எல்லாரையும் அழைத்துக்கொண்டு இரண்டு படி மேலேறி நின்று, பொழுது சாயும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.