விலாசம்

நாலு பேர் கொண்ட குழுவுக்கென்று ஒரு மெட்டு அமைத்தேன். லீட் கிதார், ரிதம் கிதார், பேஸ், டிரம்ஸ். பாட்டு கிடையாது. பல வருஷங்களுக்கு முன், நாமக்கல் பக்கத்துக் கோயில் திருவிழா ஒன்றில் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே அதை வாசித்தோம். முடிந்ததும் ஒரு பெரியவர் மேடையோரம் வந்து, “இது எந்தப் படத்துப் பாட்டுங்க தம்பி?” என்றார். வாய்க்கு வந்த, இல்லாத ஒரு படத்தின் பெயரைச் சொன்னேன். திருப்தியாகப் போனார்.

அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது. வார்த்தையற்ற இசை என்பது வார்த்தையைத் தொலைத்த இசை என்று நானே ஒப்புக்கொண்டுவிட்டேன். சினிமாவிலேயே பெரும்பாலும் மெட்டுதான் முந்திப் பிறக்கிறது. கவிஞர் பின்னால் வருகிறார்.

பெயர் வைப்பதும் ஒரு பொய்தானோ? ஜெர்ரி லார்டன் 1954ல் வந்த ஒரு சினிமாவை மனதில் வைத்துத் தன் மெட்டுக்கு ‘அப்பாச்சி’ என்று பெயரிட்டார். 1960ல் ஷேடோஸ் குழு கிதாரில் வாசித்து அதைப் பிரபலமாக்கிற்று. பெயரை மறைத்துக் கேட்டால் அதில் அப்பாச்சிகள் இல்லை. 1986ல் இளையராஜா தம் வாத்திய இசைத் தொகுப்புக்கு, எப்படிப் பெயரிடுவது என்ற கேள்வியையே பெயராக்கினார்: ‘ஹவ் டு நேம் இட்?’ நேர்மையான காரியம். ஆனால் முகப்பில் அவர் பெயர் இருந்தது. எனக்கு அந்த வசதியில்லை.

இப்போது தோன்றுகிறது: பெரியவர் கேட்டது அர்த்தத்தை அல்ல, விலாசத்தை. மறுபடி கேட்க எங்கே போவது என்பதை. சேலத்துக் கேஸட் கடை எதிலாவது அந்தப் படப் பெயரைச் சொல்லித் தேடியிருப்பார். இல்லாத விலாசத்தைக் கொடுத்து அனுப்பியவன் நான்.