வயலின் ஓரமும் ஓடையின் ஓரமும்



லேவியராகமம் என்றால் நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். பலிகளும் சுத்த விதிகளுந்தானே என்று எண்ணம். ஆனால் அதன் 19-ம் அதிகாரத்தில் ஓர் அருமையான கட்டளை உண்டு. அறுவடை செய்கிறவன் வயலின் ஓரம் வரைக்கும் ஒட்ட அறுக்கலாகாது, சிந்திய கதிரைப் பொறுக்கலாகாது, அது ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது என்று சர்வேசுரன் விதிக்கிறார். கவனியுங்கள்: வயல் அவனுடையது, உழுது விதைத்தவனும் அவனே, ஆயினும் ஓரம் அவனுடையதன்று. மோவாபிய விதவையாகிய ரூத் பிழைத்தது இப்படி விடப்பட்ட கதிரினால்தான். அவள் வம்சத்தில்தான் நம் ஆண்டவர் பிறந்தார்.

அமெரிக்காவின் ஓரெகன் மாகாணத்து ஓடைகளைப் பற்றி வாசித்தபோது இக்கட்டளையே என் மனதில் நின்றது. பசிபிக் சமுத்திரத்தை அடுத்த மலைகளில், அல்சீ என்னும் ஆற்றுப் பிரதேசத்தில் மூன்று சிற்றோடைகள் உண்டு. மரம் வெட்டினால் ஓடைக்கு என்ன நேரும் என்று அறிய 1959-ல் அங்கே அளக்கத் தொடங்கினார்கள். 1966-ல் வெட்டினார்கள். பிளின் கிரீக் என்ற ஓடையின் காட்டைத் தொடவில்லை. டியர் கிரீக்கில் கால்பங்கு காட்டைத் துண்டு துண்டாக வெட்டி, கரையோர மரங்களை விட்டுவைத்தார்கள். நீடில் பிராஞ்ச் என்ற மூன்றாவது ஓடையிலோ தண்ணீர் விளிம்பு வரை வெட்டி, கழிவுக் கிளைகளைக் கொளுத்தினார்கள். கரையோரம் மரம் விடவேண்டும் என்ற சட்டம் அப்போது அங்கே கிடையாது.

மறு வருஷம் கோடையில் நீடில் பிராஞ்சின் தண்ணீரை அளந்தார்கள். முன்பு உச்ச உஷ்ணம் பாரன்ஹீட் 57 டிகிரி, இப்போது 85. சென்டிகிரேடில் சொன்னால் 14 டிகிரி 29 ஆயிற்று. கரை மரங்கள் நின்ற டியர் கிரீக்கில் வெட்டினால் வந்ததென்று சொல்லத்தக்க மாறுதல் இல்லை.

காரணம் எளிது. சுற்றியுள்ள காற்றின் சூட்டால் ஓடை இவ்வளவு காய்வதில்லை. வெயில் நேரே விழுவதால் காய்கிறது. முற்றத்து வெயிலில் ஒரு குடம் தண்ணீரையும் ஒரு தாம்பாளம் தண்ணீரையும் வைத்துப் பாருங்கள், எது முதலில் சுடும்? மலையோடை தாம்பாளத்தைப் போன்றது. ஆழமில்லை, கோடையில் நீரும் குறைவு. அதற்கிருந்த குடை அந்த மரங்கள்.

அங்கே வாழும் டிரவுட், சால்மன் மீன்கள் குளிர்ந்த நீருக்கென்று சிருஷ்டிக்கப்பட்டவை. 10 டிகிரிக் குளிர்ச்சியில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 11 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். உஷ்ணம் ஏற ஏற மீனுக்கு மூச்சின் தேவையோ கூடுகிறது. தேவை கூடும்போது இருப்புக் குறைகிறது. ஏழை வீட்டு நிலைமைதான். நீடில் பிராஞ்சில் டிரவுட் மீன்கள் பெரிதும் குறைந்து, வருஷங்கள் பல சென்றும் தேறவில்லை. உஷ்ணம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். வண்டலும் குப்பையும் சேர்ந்தே கெடுத்தன.

இன்னொன்று. ஒருமுறை காய்ந்த நீர், கீழே மறுபடி நிழலுக்குள் போனாலும் சட்டென்று ஆறுவதில்லை. நிழல் மேலும் சூடேறாமல் தடுக்கும். ஏறிய சூட்டை இறக்காது. குளிர்ந்த ஊற்று நீர் வந்து கலந்தால்தான் தணியும். ஆகையால் மேலே வெட்டினவன் மர விலையை வாங்கிக்கொண்டு போகிறான். அவன் முகங்கூட அறியாத கீழ்க்கரைக்காரனுக்குச் சூடான தண்ணீர் போய்ச் சேருகிறது. இதை வெறும் காட்டிலாகா விஷயமென்று ஒதுக்கலாமா? பிறருக்குச் செய்த நஷ்டத்துக்குப் பரிகாரம் செய்யவேண்டுமென்று சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்தோமே!

"அப்படியானால் மரம் வெட்டுவதே பாவமா சாமி?" என்று கேட்பீர்கள். இல்லை. அர்ச். சூசையப்பர் தச்சர். நம் கோயிலின் பாவசங்கீர்த்தனத் தொட்டியும் ஒரு காலத்தில் எங்கோ நின்ற மரந்தான். டியர் கிரீக்கிலும் வெட்டினார்கள், விற்றார்கள். ஓரத்தை மட்டும் விட்டார்கள், அவ்வளவே.

உங்களில் வாய்க்காலோரம், குளக்கரையோரம் நிலமுள்ளவர்கள் இருக்கிறீர்கள். பத்திரப்படி மரம் உங்களுடையதாகவே இருக்கட்டும். அரிவாளை எடுக்குமுன், அதன் நிழல் யாருடையது என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஓரெகனில் 1971-ல் காட்டு வேலைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. நீடில் பிராஞ்சில் காடு திரும்ப வளர்ந்தது. 2009-ல் அதன் மேற்பகுதியை மறுபடி வெட்டினார்கள். இம்முறை கரையோர மரங்களை நிற்கவிட்டார்கள். வெட்டியபின் கோடையில் அளந்து பார்த்ததில், ஓடையின் உச்ச உஷ்ணத்தில் குறிப்பிடத்தக்க ஏற்றம் காணப்படவில்லை.

இங்ஙனம்,
உங்கள் பங்குக்குரு