கண்டதும் எதிர்பார்த்ததும்

அறிவு நமக்குக் கண்ணால் வருகிறதா, கையால் வருகிறதா, அல்லது பிறர் சொல்லக் கேட்பதால் வருகிறதா என்று குருமடத்து மெய்யியல் வகுப்பில் நாம் நெடுநேரம் வாதிட்டதுண்டு. பல்லாண்டுகளுக்குப் பின் ஒரு தம்ளர் சாமைக் கஞ்சி அந்த வாதத்தை நமக்கு நினைவூட்டும் என்று அப்போது நாம் எண்ணவில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாத் தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டன. ஜவ்வாது மலையைச் சேர்ந்த நம் பங்கு மாணவி ஒருத்தி அப்போது சமவெளியில் ஒரு கல்லூரியில் தமிழ் இலக்கியம் பயின்று வந்தாள். கலைப் பிரிவு மாணவரும் தம் முதன்மைப் பாடத்திற்கு வெளியே ஒரு விருப்பப் பாடம் கற்க வேண்டும் என்பது நம் மாநிலத்தில் பல கல்லூரிகளின் ஏற்பாடு. அவள் எடுத்தது அடிப்படை உயிரியல். வகுப்பு கைப்பேசி வழியே வந்தது. ஆய்வுக்கூடமும் கைப்பேசி வழியே வந்தது. அவள் ஊரில் இணைப்புக் கிடைக்காததால் மாலைதோறும் பங்கு இல்லத் திண்ணைக்கு வந்து படிப்பாள்.

அந்த ஆய்வுக்கூடத்தை நாமும் எட்டிப் பார்த்தோம். திரையில் ஓர் உருளைக்கிழங்குத் துண்டு. அருகே அயோடின் குப்பி. விரலால் தொட்டால் ஒரு சொட்டு விழும். உடனே துண்டு கருநீலமாகும். மாவுப்பொருள் உண்டு என்பதற்கு அதுவே சான்று. நூறு முறை தொட்டாலும் நூறு முறையும் கருநீலமே.

இதை எளிதில் இகழ்ந்துவிடக் கூடாது. ஆய்வுக்கூடத்தின் வாசலையே காணாத மலைப் பிள்ளைக்கு இது ஒரு சாளரத்தைத் திறந்தது. இதில் எந்தத் தவளையும் சாவதில்லை. விலங்கியல் பாடங்களில் உயிர்களை அறுத்துப் பயிலும் வழக்கத்தை நிறுத்துமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் பணித்ததும் இந்தப் பரிவினால்தான். திரை ஆய்வின் குறை வேறோர் இடத்தில் இருப்பதை ஒருநாள் மாலை உணர்ந்தோம்.

வீட்டிலுள்ள உணவுப் பொருள் ஒன்றையும் சோதித்து எழுதுமாறு ஆசிரியர் கூறியிருந்தார். பங்கு இல்லத்து அடுப்பில் அப்போதுதான் சாமைக் கஞ்சி கொதித்து இறங்கியிருந்தது. முதலுதவிப் பெட்டியிலிருந்து அயோடின் மருந்தை எடுத்து, ஆவி பறக்கும் கஞ்சித் தெளிவில் இரண்டு சொட்டு விட்டாள். மங்கிய பழுப்பு நிறம் தெரிந்ததே தவிர, நீலம் வரவில்லை.

“சாமி, சாமையிலே மாவுச்சத்து இருக்குதானே? நான் பார்த்ததை எழுதட்டுமா, போனில் வந்ததை எழுதட்டுமா?” என்று கேட்டாள்.

பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்ட நாம் சற்றும் தயங்காமல், “நீலம் என்றே எழுதிவிடு, அம்மா. அதுதானே சரியான விடை?” என்றோம். அவள் எழுதவில்லை. தம்ளரைத் திண்ணை விளிம்பில் வைத்துவிட்டு வேறு பாடம் படித்தாள். மாலைச் செபத்திற்கு மணி அடிக்கும் நேரத்தில் கஞ்சி ஆறியிருந்தது. தம்ளரில் நீலம் பரவியிருந்தது.

காரணத்தைப் பின்னர் அறிந்தோம். மாவுப்பொருளின் நீண்ட இழைகள் சுருள் வடிவானவை. அச்சுருளுக்குள் அயோடின் புகுந்து தங்கும்போதுதான் நீலம் தோன்றுகிறது. வெப்பம் மிகுந்தால் அந்தப் பிணைப்பு நெகிழ்ந்து நிறம் மறைகிறது, ஆறினால் திரும்புகிறது. திரையிலிருந்த ஆய்வு இதை அவளுக்குச் சொல்லவில்லை. அங்கே எதிர்பாராதது எதுவும் நிகழ்வதில்லை. ஆகவே காத்திருக்கவும் தேவையில்லை. அவள் சுடுகஞ்சியில் கண்டதையும் ஆறிய பின் கண்டதையும் நேரத்தோடு எழுதி அனுப்பினாள். மறையுரையில் வாய்மையைப் போற்றும் நாமோ, நம்மிடம் நம்பிக் கேட்ட பிள்ளைக்கு ஒரு சிறு பொய்யைக் கற்பிக்க இருந்தோம்.

இதே மலையில் காவலூர் வானாய்வுக்கூடம் உள்ளது. 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை நெருங்கிச் செல்வதை ஆராய அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கியுடன் காத்திருந்தார்கள். கோள் மறைக்க இயலாத வேளையிலேயே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியது. கருவிக் கோளாறு என்று தள்ளியிருக்கலாம். பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் அதைப் பதிவு செய்தார்கள். ஒரு துணைக்கோளாக இருக்கலாம் என்று முதலில் கருதினார்கள். அதே இரவில் அமெரிக்க அறிஞர்கள் விமானத்திலிருந்து கண்டவற்றோடு ஒப்பிட்டபோது, அது யுரேனஸைச் சூழ்ந்த வளையம் என்பது தெளிவாயிற்று. விளக்கம் பின்னர் திருத்தம் பெற்றது. கண்டதை எழுதியதற்குத் திருத்தம் தேவைப்படவில்லை.

எதிர்பார்ப்பு நம் எழுதுகோலை மெல்ல வளைக்க வல்லது. அகுஸ்தீன் சபைத் துறவி மெண்டல் 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபு விதிகளைக் கண்டார். அவருடைய எண்கள் கோட்பாட்டோடு அளவுக்கு மீறிப் பொருந்துகின்றன என்று 1936இல் ஃபிஷர் என்னும் அறிஞர் சுட்டினார். விதிகள் உண்மை, துறவியின் நேர்மையையும் அவர் பழிக்கவில்லை. வரவேண்டிய விடையை நன்கு அறிந்த உதவியாளர் ஒருவர் எண்களைச் சீர்ப்படுத்தியிருக்கலாம் என்று கருதினார். இன்றும் இவ்வழக்கு முற்றாக முடியவில்லை. ஆயினும், தலைவரை மகிழ்விக்க விரும்பும் அந்த உதவியாளரை நம் எல்லாருக்குள்ளும் நாம் காணலாம்.

‘சந்தேகத் தோமா’ என்று திருத்தூதரை மறையுரையில் நாமும் எளிதாகக் குறைகூறியதுண்டு. அவர் செய்தது என்ன? உடனிருந்தோர் கண்டதைத் தாமும் கண்டதாகச் சொல்ல மறுத்தார். ஆயினும் அவர்களை விட்டுப் போய்விடவில்லை. எட்டு நாள் அவர்களோடு இருந்தார். ஆண்டவர் வந்து தம் காயங்களைக் காட்டினார். காணாமலே நம்புவோரை ஆண்டவர் வாழ்த்தியதை நாம் மறக்கவில்லை. ஆனால் காணாமல் நம்புவது வேறு. காணாததைக் கண்டேன் என்பது வேறு. முன்னது விசுவாசம்; பின்னது பொய்ச்சான்று.

அன்பர்களே, நம் இல்லங்களிலும் பிள்ளைகள் திரை வழியே பலவற்றைக் கற்கிறார்கள், கற்கட்டும். அவர்களது கணக்கு ஏட்டிலோ ஆய்வுக் குறிப்பிலோ எதிர்பாராத விடை ஒன்று வரும்போது, “சரியானதை எழுது” என்று நாம் அவசரப்பட வேண்டாம். “நீ என்ன கண்டாய்?” என்று கேட்போம். பின்பு, கஞ்சி ஆறும் வரை அவர்களோடு சற்று அமர்ந்திருப்போம்.