நால்வர் வாசித்த நன்றி

இறைவனுக்கு நன்றி சொல்வது தனி மனிதரின் காரியம், நமக்காக இன்னொருவர் அதைச் சொல்லிவிட முடியாது என்றே பொதுவாக நினைக்கிறோம். அப்படியானால் ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘அ லவ் சுப்ரீம்’ இசைத்தட்டை என்னவென்று சொல்வது? 1957-இல் தமக்குக் கிடைத்த ஆன்மிக விழிப்புக்கு நன்றியாக, கடவுளுக்கான காணிக்கை என்று அவரே உறையில் எழுதிய படைப்பு அது. ஆனால் 1964 டிசம்பர் 9 அன்று, நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அதை வாசித்தவர்கள் நான்கு பேர்: சாக்சபோனில் கோல்ட்ரேன், பியானோவில் மெக்காய் டைனர், பேஸில் ஜிம்மி கேரிசன், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். அந்த நன்றியை நால்வரும் சேர்ந்தே சொன்னார்கள் என்கிறேன்.

இதை மறுப்பவர்கள் முதலில் நம்பிக்கையைக் காட்டுவார்கள். கோல்ட்ரேனின் தாத்தாக்கள் இருவரும் மெதடிஸ்ட் போதகர்கள்; டைனரோ இஸ்லாத்தைத் தழுவியவர். ஒருவருடைய வழிபாட்டில் இன்னொருவர் தரக்கூடியது கைத்திறன் மட்டும்தானே? நம்பிக்கை என்பது நாவால் ஒப்புக்கொள்ளும் கொள்கை மட்டும் என்றால் இது சரி. ஆனால் எந்த மதத்திலும் வழிபாட்டின் உள்ளே ‘நான்’ சற்று ஒதுங்கி நிற்கும் ஒரு பயிற்சி இருக்கிறது. அந்த ஒதுங்கலை இந்தத் தட்டில் காதால் கேட்கலாம். முதல் பகுதியின் நாலு சுர வரியை முதலில் எடுத்துக் கொடுப்பது கேரிசனின் பேஸ். அதே வரியைக் கோல்ட்ரேன் பிறகு பன்னிரண்டு சுருதிகளுக்கும் கொண்டுபோகிறார். முன்கூட்டி எழுதி வைத்தது கொஞ்சம்தான். மிச்சத்தை ஒருவர் மற்றவருக்குக் காது கொடுத்துத்தான் கண்டடைய வேண்டியிருந்தது.

இதைவிட வலுவான மறுப்பு நான்காம் பகுதியில் இருக்கிறது. அங்கே கோல்ட்ரேன் தாம் எழுதிய பிரார்த்தனைக் கவிதையை, வாய் திறக்காமல், அசை அசையாகச் சாக்சபோனில் வாசிக்கிறார். சொல் அவருடையது, மூச்சும் அவருடையது. மற்றவர்களுக்கு அங்கே என்ன பங்கு? கொஞ்சம் நெருங்கிக் கேட்டால் தெரியும். எண்ணிப் பிடிக்கத் தாளக் கணக்கே இல்லை. ஜோன்ஸின் டிம்பனி உருண்டு எழுந்து அடங்குகிறது, கோல்ட்ரேன் ஒரு வரியை முடிக்கும் இடத்தைப் பியானோ ஏந்திக்கொள்கிறது. கறுப்பின மக்களின் தேவாலயங்களில் போதகர் ஒரு வாக்கியம் சொன்னால் சபை பதில் குரல் கொடுக்கும். அந்தக் குரல் இல்லாமல் பிரசங்கம் முழுமையாகாது. கோல்ட்ரேன் வளர்ந்த மரபு அது. சபையின் பதிலைப் பிரார்த்தனைக்கு வெளியே யாரும் வைப்பதில்லை.

இசையமைப்பு கோல்ட்ரேன் பெயரில் மட்டுமே இருக்கிறது. அது உரிமைக் கணக்கு, அதில் தவறில்லை. காணிக்கைக்குக் கணக்கு வேறு. சந்தேகம் இருப்பவர்கள் மூன்றாம் பகுதியின் கடைசி நிமிடங்களைக் கேளுங்கள். பியானோ நிற்கிறது, டிரம்ஸ் நிற்கிறது, கேரிசனின் பேஸ் மட்டும் நெடுநேரம் தனியே பேசிக்கொண்டிருக்கிறது. கடவுளுக்கென்று எழுதிய அந்தப் படைப்பின் அந்த இடத்தில் கோல்ட்ரேன் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை.