கையுறை யாருக்காக?

நெருப்புச் சுட்டால் கையை உடனே இழுத்துக்கொள்கிறோம். அமிலம் பட்டால் எரிவு நம்மை எச்சரிக்கிறது. ஆனால், தொட்ட வேளையில் நோவெதுவும் தராமல், ஆண்டுகள் பல கடந்த பின்னரே தீங்கை வெளிக்காட்டக்கூடிய பொருட்களும் உண்டு. அவற்றைக் கையாளுபவனுக்கு வலி வழிகாட்டுவதில்லை. மனச்சாட்சியே வழிகாட்ட வேண்டும்.

நமது உடலின் கலங்களில் டி.என்.ஏ. என்னும் மூலக்கூறு பரம்பரை இயல்புகளைச் சுமந்து நிற்கிறது. அதனை மாற்றிவிடும் வல்லமை சில இரசாயனப் பொருட்களுக்கு உண்டு. இம்மாற்றத்தையே விஞ்ஞானிகள் விகாரம் என்பர். உடலின் ஏனைய கலங்களில் நேரும் விகாரம் புற்றுநோய்க்கு வித்தாகலாம். இனப்பெருக்கக் கலத்தில் நேர்ந்தால் பிறக்கப்போகும் பிள்ளையையும் சென்றடையலாம்.

இவ்வுண்மையை வெளிக்கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் சார்லொட் அவர்பாக் அம்மையார். நாஸிகளின் ஆட்சியில், யூதர் என்பதால் ஆசிரியப் பதவியை இழந்து, 1933இல் ஜெர்மனியிலிருந்து ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகருக்கு வந்தவர் அவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ரொப்சன் என்னும் மருந்தியலாளருடன் சேர்ந்து, பழ ஈக்களைக் கடுகு வாயுவுக்கு உட்படுத்தி ஆராய்ந்தார். அவ்வேலையில் அவரது கைகள் வெந்து புண்ணாயின. கையின் புண் கண்ணுக்குத் தெரிந்தது. ஈக்களுக்கு நேர்ந்த கேட்டையோ அவற்றின் சந்ததியிலேயே காண முடிந்தது. போர்க்கால இரகசியம் காரணமாக அம்முடிவுகள் 1946இல்தான் உலகறிய வெளிவந்தன.

இன்றைய ஆய்வுகூடங்களிலும் இத்தகைய பொருட்கள் உள்ளன. டி.என்.ஏ.யைக் கண்ணுக்குப் புலப்படுத்த உதவும் எதிடியம் புரோமைட்டு அவற்றுள் ஒன்று. புறஊதாக் கதிர் பட்டதும் அது செம்மஞ்சளாக ஒளிரும். பற்றீரியாக்களில் நடத்திய சோதனைகளில், ஈரலின் நொதியங்கள் சேர்ந்தபோது, அது விகாரத்தை உண்டாக்கியது. மனிதரில் புற்றுநோயை விளைவிக்கிறதென நிறுவப்படவில்லை. ஆனால், நிறுவப்படவில்லை என்பதும் தீங்கற்றது என்பதும் ஒன்றல்ல.

இங்கேதான் ஒழுக்கவியல் கேள்வி எழுகிறது. “என் உடல், என் ஆபத்து, அறிவுக்காக நான் அதை ஏற்கிறேன்” என்று ஒருவர் சொல்லலாம். துணிவான பேச்சுத்தான். ஆனால் ஆபத்து அவரோடு நின்றுவிடுமா?

ஒரு சிறு செயலை எடுத்துக்கொள்வோம். மாணவன் ஒருவன் கையுறை அணிந்து இப்பொருளைக் கையாளுகிறான். அதே கையுறையுடன் கதவின் கைப்பிடியைத் திறந்து வெளியே போகிறான். அவனுடைய கை சுத்தம். அடுத்து வருபவரோ வெறுங்கையால் அக்கைப்பிடியைத் தொடுகிறார். அவர் கூட்டித் துடைக்க வந்த தொழிலாளியாக இருக்கலாம். கருவுற்ற தாயாகவும் இருக்கலாம். போத்தலின் எச்சரிக்கையை அவர் வாசித்ததில்லை. அறிந்தவன் தன்னைக் காத்துக்கொண்டான். அறியாதவருக்கு ஆபத்தைக் கைமாற்றிவிட்டான்.

ஆபத்தை விரும்பி ஏற்பதற்கு முதலில் அதை அறிந்திருக்க வேண்டும். அறியாதவருக்காகவும் இன்னும் பிறவாதவருக்காகவும் நாம் சம்மதம் கொடுக்க முடியாது. எனவே, அதிகம் அறிந்தவனுக்கே கடமையும் அதிகம்.

அக்கடமை பெரிய தியாகம் எதையும் கேட்பதில்லை. தீங்கு குறைந்த பொருள் கிடைக்குமாயின் அதையே பயன்படுத்துதல். தூளை நிறுப்பதற்குப் பதிலாக ஆயத்தக் கரைசலை வாங்குதல். ஆவியையும் தூசியையும் வெளியே இழுக்கும் அலுமாரியினுள் வேலை செய்தல். ஆய்வுகூடத்தில் உண்ணாமலும் பருகாமலும் இருத்தல். கழிவைத் தொட்டியில் ஊற்றாமல், பெயர் எழுதிய தனிப் பாத்திரத்தில் சேர்த்தல். கதவைத் தொடுமுன் கையுறையைக் கழற்றிக் கைகழுவுதல். அவ்வளவே.

நம் பிள்ளைகள் விஞ்ஞானம் கற்கப் பல்கலைக்கழகம் செல்கையில் புள்ளிகளைப் பற்றியே விசாரிக்கிறோம். “உனக்குப் பின் அந்த மேசையைத் துடைப்பவர் யார்? அவருக்கு நீ என்ன சொல்லி வைத்தாய்?” என்றும் ஒருமுறை கேட்போம். முகம் தெரியாத ஒருவருக்காகக் கையுறையைக் கழற்றும் அந்தக் கணப்பொழுதும் பிறரன்பின் செயலே.