கண்டதை மறைத்தலும் காட்சியளவையும்

குற்றியோ மகனோ எனத் துணியாது நிற்றல் ஐயம். கயிற்றை அரவெனத் துணிதல் திரிபு. இவ்விரு குற்றமும் நீங்கியதே அளவையாகிய காட்சி என்பர் நம் அளவை நூலார். இப்பாகுபாடு ஏட்டளவில் நிற்பதன்று; இக்காலத்துப் பௌதிகப் பரிசோதனைச் சாலையினும் நாடோறும் வேண்டப்படுவது.

மாணாக்கன் ஒருவன் அரை மீட்டர் இழையிற் குண்டு கட்டி ஊசலாட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணிக்கின்றான். பாடநூல் கூறுவது ஏறத்தாழ 9.8, அவன் பெற்றது 9.6. உடனே தன் எண்ணை அழித்து 9.8 என எழுதுகின்றான். இதனால் வருங் கேடு யாதோவெனின், குண்டின் நடுவரை அளவாது மேல்விளிம்பு வரையே நீளம் அளந்தமை அக்குறைவிற்குக் காரணமாதல் கூடும்; எண்ணை மாற்றியவனோ அக்காரணத்தை ஒருகாலும் அறியான். உரையளவை, காண்டலும் கருதலும் எட்டாப் பொருளை உணர்த்த வந்தது. கண்ணுக்கு எட்டும் பொருளிற் கண்டதை உரைக்கு அஞ்சி மறைப்பின், உரைக்கும் பெருமையின்று. மற்று, 9.6 கண்டவுடன் பாடநூல் பொய்யென ஆர்ப்பவனும் திரிபுக்காட்சி உடையனே.

திருப்பூரையடுத்த அருள்புரத்துச் சாயப்பட்டறையிலே துணியின் நிறம் மாதிரியோடு ஒவ்வாதாயின், தொழிலறிந்தோன் ஒத்ததெனக் குறித்து வையான். நீர், உப்பு, வெப்பம் என ஒவ்வொன்றாக ஆராய்வான். அறிஞர் நெறியும் அதுவே.

1923-ல் கல்கத்தாவில் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி பயின்ற கே. ஆர். இராமநாதன், திரவங்களிற் சிதறும் ஒளியினூடே எதிர்பாராத மெல்லொளி ஒன்றைக் கண்டார். மாசினால் ஆயதோ என்னும் ஐயம் எழுந்தது. திரவத்தைப் பன்முறை வாலைவடித்துத் தூய்மை செய்தும் அவ்வொளி நீங்கிற்றில்லை. கண்டது கண்டவாறே குறிக்கப்பட்டது. பின்னர் இராமனும், வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் அறுபது திரவங்கள் வரை ஆராய்ந்து, 1928 பிப்ரவரித் திங்களில் அது புதுவகைச் சிதறலே எனத் துணிந்தனர். 1930-ல் இராமனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ஊசலில் வெளிப்பட்டது பிழை. திரவத்தில் வெளிப்பட்டது புதுமை. காணும் பொழுதில் இன்னதென ஒருவராலும் அறியலாகாது. ஆகலின், கண்டதை அழியாது எழுதுதலும் காரணம் தேடுதலும் இரண்டிடத்தும் ஒப்பக் கடனாம். விடை பொருந்தினார்க்கே மதிப்பெண் வழங்கும் ஆசிரியர் மாணாக்கரைப் பொய்க்குப் பழக்குகின்றனர். வேறுபட்ட எண்ணை மறையாது எழுதி, அதன் காரணத்தை நாடினானுக்கே முதன்மை தருக. காட்சியைப் பழுதுபடாது காத்தலே அறிவிற்கு முதற்படி என்க.