தேய்மானத்துக்கு இடம் விட்ட பொருள்

ஒரு பொருள் நீடித்து நிற்கிறது என்றால் அதில் நீடிப்பது எது என்ற கேள்வியை மெய்யியல் நூல்கள் பெரும்பாலும் தேரையும் கப்பலையும் வைத்தே ஆராய்ந்துள்ளன. அமெரிக்க வீடுகளின் கொட்டகையில் நிற்கும் பழைய தோட்ட டிராக்டரையும் அந்த வரிசையில் வைக்கலாம். 1961இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் வெளியிட்ட கப் கேடட், 1963இல் வந்த ஜான் டியர் 110 ஆகிய வகைகளில் இன்றும் ஓடும் வண்டிகள் உள்ளன. புல் வெட்டுவதோடு சிறு நிலத்தை உழவும் பனியைத் தள்ளவும் அவை பயன்பட்டன.

இவற்றின் உறுதிக்குக் காரணம் கனமான இரும்பு என்று சொல்வது பாதி உண்மைதான். கப் கேடடில் பொருத்தப்பட்ட கோலர் கே வரிசை எஞ்சினின் சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. அது தேய்ந்தால், பட்டறையில் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு குடைந்து, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். மறுபடி தேய்ந்தால் இருபது, பிறகு முப்பது. இந்த அளவுகளில் பிஸ்டன்களைக் கோலர் நிறுவனமே விற்றது என்பதால், தேய்மானம் வடிவமைப்பிலேயே எதிர்பார்க்கப்பட்டிருந்தது எனலாம். இன்றைய மலிவான புல்வெட்டும் வண்டிகளிலோ தகடு மெல்லியது. சக்கரத்துக்கு விசையைக் கடத்தும் பெட்டி பலவற்றில் மூடி முத்திரையிட்டது போல, எண்ணெய் வடிக்கும் திருகுகூட இல்லாமல் வருகிறது. கெட்டால் முழுதாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆயினும் ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்தால் அலகை நிறுத்தும் பாதுகாப்பு இந்தப் புதிய வண்டிகளில் உண்டு. மேலும், உடைந்த பழைய வண்டிகள் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டதால், எஞ்சியவற்றை மட்டும் கண்டு அக்காலத்தைப் புகழ்வது பிழையான அனுமானம்.

உறுப்புகள் மாறிய பிறகும் அது அதே வண்டிதானா என்ற கேள்வி பழையது. மிலிந்தன் என்ற அரசனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர், அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேர் அல்ல என்றும், அவை கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர் என்றும் விளக்கியதாகப் பௌத்த நூல் கூறும். நியாய வைசேடிகர் இதை மறுத்து, உறுப்புகளின் வேறாய் அவற்றில் உறையும் முழுப்பொருள் ஒன்று உண்டு என்று நாட்டி அதை அவயவி என்றனர். ஆனால் ஓர் உறுப்பு நீங்கினாலும் பழைய அவயவி அழிந்து புதியது தோன்றும் என்பதும் அவர்கள் கொள்கையே. அப்படியானால் பிஸ்டன் மாறும்தோறும் வேறு டிராக்டர் பிறக்க வேண்டும். பௌத்தர் வழியிலோ நீடிக்க ஒரு டிராக்டரே இல்லை. இரு தரப்பும் கருதாத ஒன்றைப் பட்டறை காட்டுகிறது: மாற்று உறுப்புக்கென விட்டுவைத்த இடமும் அளவுப் படிகளும் மாறாதிருப்பதையே, வண்டி வைத்திருப்பவர் அதே வண்டி என்கிறார்.

தாமஸ் ஹாப்ஸ் 1655இல், பலகை பலகையாகப் புதுப்பிக்கப்பட்ட தீசியஸ் கப்பலிலிருந்து கழற்றிய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மையானது என்று கேட்டார். எஞ்சினுக்கு அந்தச் சிக்கல் பொருந்துவதில்லை. சிலிண்டர் தேய்ந்து இழந்த இரும்பு நுண்துகளாகி, வடித்த கரிய எண்ணெயோடும், குடைந்தெடுத்தது பட்டறைச் சீவலோடும் எப்போதோ வெளியேறிவிட்டது.